இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க? எனக்குக் கொஞ்ச நாளா நாதஸ்வரம்தான்

வடவாறு:

கொஞ்ச நாளா என் போன்ல வேற எதுவும் ஓடல. நாதஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி ராகம். காலைல பஸ்ல, ராத்திரி சமையல்கட்டுல, எல்லா நேரமும் அதேதான்.

தோடியை வாய்ப்பாட்டுல நிறையக் கேட்டிருக்கேன். வீணைல, வயலின்ல கேட்டிருக்கேன். ஆனா இவர் காந்தாரத்தை, அதான் 'க'ங்கற சுரத்தை, பிடிக்கற விதம் தனி. அந்த ராகத்துல காந்தாரம் ஒரு இடத்துல அசையாம நிக்கற சுரம் கிடையாது, ஆடிக்கிட்டே இருக்கணும். அதை இவர் எவ்வளவு மெதுவா, எவ்வளவு அகலமா அசைக்கறார்னு கவனிச்சுக் கேளுங்க. எங்க மூச்சு எடுத்தார்னே தெரியாது. அப்புறம் எதிர்பார்க்காத நேரத்துல ஒரு பிருகா, அதான் வேகமான சுர ஓட்டம், மேல் ஷட்ஜம் (மேல் 'ச') வரைக்கும் சீறிக்கிட்டுப் போகும். போய் அங்க ஒரு கார்வை, அதே சுரத்துல நீளமா நிக்கறது. அந்தக் கார்வையில எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செடுக்குது.

ரெண்டு வகைப் பதிவு கேக்கறேன். ஒண்ணு, பழைய 78 சுழற்சி இசைத்தட்டுல இருந்து எடுத்தது. அந்தத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் கொள்ளும். கோயில் வீதியில மணிக்கணக்கா ஒரே ராகத்தை வாசிச்ச மனுஷர், அந்தச் சின்ன அளவுக்குள்ள ராகத்தோட முழு உருவத்தையும் நிறுத்திக் காட்டியிருக்கார். இன்னொண்ணு, இரைச்சலோட இருக்கற நீளமான பதிவு. எனக்கு ரெண்டாவதுதான் உசத்தி. அதுலதான் அவர் யோசிக்கறது தெரியுது. ஒரு சுரத்தை விட்டுட்டுப் போறார், திரும்ப வர்றார், வேற வழியா வர்றார்.

நீங்க என்ன கேக்கறீங்க? நாதஸ்வரம்தான்னு இல்ல, எதுவானாலும் சொல்லுங்க. பேரை மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க, எந்த இடம் பிடிச்சுதுன்னும் எழுதுங்க.

இரவுப்பாட்டு:

நான் சினிமாப் பாட்டுக்காரன். ஆனா நீங்க நாதஸ்வரம்னு சொன்னதும் எனக்கு வேற எங்கயும் போகத் தோணல. 1962ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில 'சிங்கார வேலனே தேவா'. எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசிக்க, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. நேத்து ராத்திரி அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கடைசில சுரம் வர்ற இடம் இருக்கே, அதுதான் எனக்கு. நாதஸ்வரம் ஒண்ணு சொல்லும், குரல் அதை அப்படியே எடுத்துக்கும். எது குரல் எது குழல்னு பிரிக்கவே முடியாத ஒரு ரெண்டு மூணு நொடி வரும். அந்த நொடிக்காகத்தான் முழுப் பாட்டையும் கேக்கறேன்.

நெல்லைச்சீமை:

இரவுப்பாட்டு தம்பி, எங்க ஊர்ப்பக்கத்து ஆளைச் சொல்லிட்டியோ, இனி நான் சும்மா இருக்க முடியுமா?

காருகுறிச்சியார் 1921ல பொறந்தாவ. ராஜரத்தினம் பிள்ளைகிட்ட சீடரா இருந்து, அவரு பக்கத்துலயே நின்னு வாசிச்சாவ. 1964லயே போய்ட்டாவ. முழுசா நாப்பத்தஞ்சு வயசுகூட இல்ல. கோவில்பட்டியில அவுகளுக்குச் சிலை இருக்கு. அந்தப் பக்கம் போனா ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு வாங்க.

ஒரு விசயம் சொல்லுதேன். சினிமாப் பாட்டால அவுகளுக்குப் பேரு வந்தது நல்லதுதான். ஆனா அந்த ஒரு பாட்டோட நிறுத்திக்கிட்டா பெரிய நட்டம். அவுக வாசிச்ச கரகரப்பிரியா ராக ஆலாபனையக் கேளுங்க, பாட்டு வரி இல்லாம ராகத்த மட்டும் விரிச்சு வாசிக்கிறது. குருநாதர் வாசிப்புல ஒரு ராஜநடை இருக்கும், அதிகாரம் இருக்கும். இவுக வாசிப்புல ஒரு குழைவு. சுரத்துக்குச் சுரம் இழைஞ்சு இழைஞ்சு வரும், எந்த இடத்துலயும் கரடு தட்டாது. இதுல எது மேல எது கீழன்னு நான் சொல்ல மாட்டேன். என் காது எதைத் தேடுதுன்னு கேட்டா, காருகுறிச்சியாரத்தான் தேடுது.

கீதா கோவை:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் இதுக்குப் புதுசு. எனக்கு நாதஸ்வரம்னா கல்யாண மண்டபம்தாங்க ஞாபகம் வரும். கெட்டிமேளம், அப்புறம் சாப்பாட்டுப் பந்தி நடக்கறப்போ பின்னாடி சினிமாப் பாட்டு வாசிச்சுட்டு இருப்பாங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

வடவாறு சொன்ன தோடியை நேத்து ஹெட்ஃபோன்ல போட்டேங்க. உண்மையைச் சொல்றேன், அஞ்சு நிமிஷத்துக்கு மேல முடியலைங்க. ரொம்ப உரக்க இருக்கு. நடுநடுவுல தவில் வேற வந்து அடிக்குது, அது ஏன் வருதுன்னே புரியலை. ஆலாபனைன்னா தாளம் கிடையாதுன்னுதானே சொல்வாங்க? எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு யாராவது சொல்லுங்களேன்.

பாரிக்குழல்:

கீதா அம்மா, நல்ல கேள்வி. எங்கள் குடும்பம் மேளக்காரக் குடும்பம், அப்பா தவில். நான் வாசிப்பதை விட்டுவிட்டு வேறு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனால் கேட்பதை விடவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். இந்த வாத்தியம் காதுக்குள் வைத்துக் கேட்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. நாலு வீதி தாண்டிக் கேட்க வேண்டும் என்று செய்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போய் உட்காருங்கள். அந்தத் தூரம் வந்ததும் சத்தத்தின் கூர்மை மழுங்கி, அசைவுகள் தெளிவாகக் கேட்கும். கோயிலில் மேளக்காரருக்குப் பத்தடி பக்கத்தில் நிற்பவரைவிட, பிரகாரத்தின் மறுமூலையில் நிற்பவருக்குத்தான் நல்ல சங்கீதம் கிடைக்கும்.

இரண்டாவது, வாத்தியத்தைப் பற்றித் தெரிந்தால் கேட்பதில் ருசி கூடும். நீளமான மரப்பகுதிக்கு உலவு என்று பெயர். கீழே விரிந்திருப்பது அணசு. மேலே சின்ன உலோகக் குழாய், அது கெண்டை. அதில் செருகுவதுதான் சீவாளி, நாணலில் செய்வது. வாசிப்பவருடைய உயிரே அதில்தான். சீவாளி சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட வித்துவானும் தடுமாறுவார். அதனால்தான் வாத்தியத்திலேயே நாலைந்து சீவாளி கட்டித் தொங்கும். விரல் வைப்பதற்கு ஏழு துளைதான். அதற்குக் கீழே இருக்கிறவை சுருதி சரிசெய்ய, மெழுகு வைத்து அடைப்பதும் திறப்பதுமாக இருப்பார்கள். அந்த ஏழு துளையில் எல்லாச் சுர ஸ்தானமும் வர வேண்டும். பாதித் துளை மூடுவது, உதட்டின் பிடி, காற்றின் அழுத்தம், இந்த மூன்றும் சேர்ந்துதான் கமகம், அதாவது சுரத்தின் அசைவு. வடவாறு சொன்ன அந்தக் காந்தார அசைவில் விரலுக்குப் பங்கு கொஞ்சம், காற்றுக்குத்தான் அதிகம்.

முன்பெல்லாம் வாசித்தது திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் இருக்கும். பாரி நீளமானது, சுருதி கீழே. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்பவர் செய்துகொடுத்த பாரியை ராஜரத்தினம் பிள்ளை எடுத்து வாசித்தார். அதற்கப்புறம் எல்லோரும் அதற்கே வந்துவிட்டார்கள். ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். பச்சை மரம் ஆகாது, பல காலம் காய்ந்த மரம் வேண்டும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் தூண், உத்தரம் கிடைத்தால் தேடிப் போய் வாங்குவார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூன்றாவது, தவில் ஏன் ஆலாபனையில் வருகிறது என்று கேட்டீர்கள். எங்கள் பக்கத்து மரபு அது. ஆலாபனைக்குத் தாளக்கட்டு கிடையாது, நீங்கள் சொல்வது சரி. நாதஸ்வரம் ஒரு கட்டம் வாசித்து நிறுத்தும். மூச்சு எடுக்க வேண்டும், அடுத்ததை யோசிக்க வேண்டும், சீவாளி ஈரம் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியைத் தவில் நிரப்பும். நல்ல தவில்காரர் வெறுமனே நிரப்ப மாட்டார். ராகம் எந்த மனநிலையில் நிற்கிறதோ அதற்குத் தகுந்த அளவு வாசித்து, சரியான இடத்தில் விலகி வழிவிடுவார். அப்பா சொல்வார், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் தவில்காரன் என்று.

ஆரம்பிப்பதற்குத் தோடி வேண்டாம். அது கடல். ஒரு மல்லாரியில் தொடங்குங்கள்.

கீதா கோவை:

அடுத்த அறைக்குப் போய்க் கேட்டேங்க! நீங்க சொன்னது அப்படியே நிஜம். அதே பதிவுதான், வேற வாத்தியம் மாதிரி இருக்கு. ரொம்ப நன்றிங்க. மல்லாரின்னா என்னங்க?

பாரிக்குழல்:

சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. கம்பீர நாட்டை ராகம். ச க ம ப நி என்று ஐந்தே சுரம், ரிஷபமும் தைவதமும் கிடையாது. பாட்டு வரியும் கிடையாது, சுரக்கட்டும் தாளக்கட்டும்தான். முதலில் தவில் மட்டும் அலாரிப்பு வாசிக்கும், பிறகு மல்லாரி கிளம்பும். அதே கட்டத்தை ஒரு காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் மாற்றி வாசிப்பார்கள்.

எல்லா நேரத்துக்கும் ஒரே மல்லாரி இல்லை. தேருக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியம் எடுத்து வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தவாரிக்குத் தீர்த்த மல்லாரி. அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் இருந்தே, வாசிப்பைக் கேட்டு, சாமி இப்போது எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சுருதிசுத்தம்:

இழை நன்றாகப் போகிறது. ஆனால் எல்லோரும் ஆலாபனையையே புகழ்ந்துகொண்டிருப்பதால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

நான் தற்போது கேட்டுவருவது திருவீழிமிழலை சகோதரர்கள், சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும். இவர்களிடம் கீர்த்தனைதான் பிரதானம். துத்துக்காரம் என்று சொல்வார்களே, நாக்கால் காற்றை வெட்டி எழுத்தை உச்சரிப்பது, அது இவர்களிடம் அவ்வளவு சுத்தம். கிருதி, அதாவது அந்தக் கீர்த்தனை, தெரிந்தவர்களுக்குச் சாகித்யம் (பாட்டு வரி) ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கும். இருவர் வாசிக்கிறார்கள் என்றே தோன்றாது. பாரி பரவிய காலத்திலும் திமிரியின் அந்தக் கூர்மையான நாதம் இவர்களிடம் எவ்வளவு இனிமையாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பது பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிருதியை அதன் பாடாந்தரம் (குரு வழியாக வந்த வடிவம்) கெடாமல், ஒரு சங்கதி (ஒரு வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் வகை) கூடாமல் குறையாமல் வாசிப்பதற்கு வேறு விதமான அடக்கம் வேண்டும். அந்த அடக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சென்னை மியூசிக் அகாதமி 1956இல் சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது காரணமில்லாமல் அல்ல.

வடவாறு:

சுருதிசுத்தம் ஐயா, திருவீழிமிழலை சகோதரர்கள் பத்தி நீங்க சொன்னதை நான் முழுசா ஒத்துக்கறேன். ஆனா அந்த விருதை ஆலாபனைக்கு எதிரா வைக்காதீங்க. ராஜரத்தினம் பிள்ளை அந்த வருஷம் டிசம்பர்லதான் காலமானார். அவருக்குச் சங்கீத கலாநிதி கடைசி வரைக்கும் கிடைக்கல. நாதஸ்வரச் சக்கரவர்த்தின்னு ஊரே கொண்டாடின ஆள். அதனால விருதுப் பட்டியலை வச்சு எது உசத்தின்னு பேச முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும். மேளக்காரங்க மேல்சட்டை இல்லாம, நின்னுக்கிட்டே வாசிக்கணும்னு இருந்த காலத்துல கிராப்பு வச்சு, கோட்டு போட்டு, மேடையில சமமா உக்காந்துதான் வாசிப்பேன்னு நின்னவர் அவர். 1940ல எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'காளமேகம்' படத்துல கதாநாயகனாவே நடிச்சார். அந்தத் தோடியில நான் கேக்கற அந்த நிமிர்வு வெறும் சங்கீதம் சம்பந்தப்பட்டது மட்டும்னு எனக்குத் தோணல. நெல்லைச்சீமை அண்ணாச்சி ராஜநடைன்னு சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்துச்சு.

சுருதிசுத்தம்:

மேடையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அது சங்கீத உலகம் அவருக்கும் அவருடைய சமூகத்துக்கும் பட்ட கடன். கீர்த்தனை விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

அளவெட்டியான்:

வணக்கம். நான் இஞ்சை ரொறன்ரோவிலை இருக்கிறன். இதை இண்டைக்குத்தான் கண்டனான். நாதஸ்வரத்தைப் பற்றி இவ்வளவு கதைச்சுப்போட்டு, தவிலைப் பாரிக்குழல் ஒருத்தரைத் தவிர வேறை ஆரும் பெரிசா எடுக்கேல்லை. அதுதான் எழுதுறன்.

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கோயில் திருவிழாவுக்குச் சனம் போறதே மேளச்சமா, அதுதான் நாதஸ்வர தவில் கச்சேரி, கேக்கத்தான். சாமி வெளிவீதி சுத்தேக்கை ஓரிடத்திலை நிப்பாட்டுவினம். இரண்டு மூண்டு மேளக் கூட்டம் ஒண்டாச் சேந்து நிண்டு வாசிக்கும். ஒரு தவில் கேள்வி கேக்கும், மற்றது பதில் சொல்லும். பதில் திறமா இருந்தா சனம் வாய்விட்டு "ஆஹா" எண்டும். விடியப்புறம் ஆகும் சாமி வீடு வந்து சேர. சின்னப் பிள்ளையள் மணலிலையே நித்திரை கொண்டிடுவம், தவில் தனி, அதுதான் தவில் மட்டும் வாசிக்கிறது, தொடங்கினா எழும்பி இருந்திடுவம்.

இப்ப நான் கேக்கிறது தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி. 1933 இலை பிறந்து 1975 இலையே காலமான மனிசன். இணுவிலிலை பிறந்தவர், எங்கட அளவெட்டியிலை வாழ்ந்தவர். தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்மார் கனபேருக்கு வாசிச்சவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தவர்.

அவற்றை கையிலை என்ன விசேஷம் எண்டால், எவ்வளவு வேகத்திலை போனாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா விழும். ஒண்டோடை ஒண்டு ஒட்டாது. கீதா தங்கச்சி, தவிலைக் கேக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுறன். முதல் தரம் கேக்கேக்கை வலந்தலையை, அதுதான் தவிலின்ரை வலது பக்கத்தை, விட்டிடுங்கோ. அது விரலிலை கூடு போட்டு வாசிக்கிறது, படபடவெண்டு போகும், பிடிக்கேலாது. தொப்பி எண்ட மற்றப் பக்கத்தை மட்டும் கவனியுங்கோ, கம்பாலை அடிக்கிறது. பூவரசங்கம்பு. அது தான் நடையைச் சொல்லும். அது காதிலை இருந்திட்டுது எண்டால் வலந்தலை தானா விளங்கும்.

எங்கட வீட்டிலை அப்பா சேத்து வைச்ச கசெற்றுகள் இருந்தது. அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரம், பஞ்சாபிகேசன் நாதஸ்வரம், எல்லாம் கோயிலிலை நேரை பதிஞ்சது. 95 இலை சண்டையாலை யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்ததோடை அவ்வளவும் போட்டுது. இப்ப யூடியூப்பிலை ஆரோ எங்கையோ ஏத்தி விட்ட பதிவிலை பின்னுக்குச் சனத்தின்ரை சத்தம், கச்சான் (வேர்க்கடலை) விக்கிறவையின்ரை குரல் எல்லாம் கேக்குது. அதையும் சேத்துத்தான் கேக்கிறன்.

பாரிக்குழல்:

அளவெட்டியான் ஐயா, தட்சிணாமூர்த்தி பேரை எங்கள் வீட்டில் அப்பா எழுந்து நின்றுதான் சொல்வார். தொப்பியைப் பற்றி நீங்கள் சொன்னதைவிடச் சரியாகச் சொல்லித்தர முடியாது.

இதையும் சேர்த்துக்கொள்கிறேன். பழைய பதிவுகளில் கேட்பது வார் பிடித்த தவில். பலா மரத்துச் சட்டம், தோல் வாரை இழுத்து இழுத்துச் சுருதி ஏற்றுவது. இப்போது எல்லா இடத்திலும் இரும்பு வளையம், நட்டு, போல்ட். முடுக்கினால் நிற்கும், மழைக்குத் தளராது, வாசிப்பவருக்குப் பெரிய சௌகரியம். ஆனால் நாதத்தில் ஒரு உலோகத்தன்மை வந்துவிட்டது. வார்த் தவிலில் தொப்பி அடிக்கும்போது வரும் அந்தக் கும்காரம் இதில் குறைவு. தொழில் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு ஊர் போக வேண்டியவருக்கு வார் இழுத்துக்கொண்டிருக்க நேரம் ஏது?

இரவுப்பாட்டு:

தவில்னு வந்தாச்சு. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினுக்கு வலையப்பட்டி சுப்பிரமணியம் தவில் வாசிச்ச பதிவுகளையும் கேளுங்க. எங்க ஊர்ப் பொருட்காட்சில அந்த கேசட் ஓடாத வருஷமே கிடையாது. கீதா மாதிரி புதுசா வர்றவங்களுக்கு நல்ல வாசல்.

அப்புறம் 1968ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பாத்திருப்பீங்க. சிவாஜி விரல் வச்சு நடிச்சதுக்குப் பின்னாடி நிஜமா வாசிச்சது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தைத் திரும்பப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பை மட்டும் கேக்கப் போறேன் இந்த வாரம்.

கீதா கோவை:

தொப்பியை மட்டும் கேளுங்கன்னு சொன்னீங்களே அண்ணா, ஒரு மல்லாரியை வச்சு அப்படியே செஞ்சேன். மூணாவது தடவை கேக்கறப்போ கால் தானா ஆடுச்சு. என் பையன் வந்து பக்கத்துல உக்காந்து, மேஜையில தட்ட ஆரம்பிச்சுட்டான்.

யூடியூப்ல தானா அடுத்தது வந்தது நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். நாமகிரிப்பேட்டை எங்க அம்மா ஊருக்குப் பக்கங்க! ராசிபுரம் தாண்டி. அத்தனை தடவை பஸ்ல அந்த ஊரைக் கடந்திருக்கேன், இப்படி ஒருத்தர் அங்கிருந்து வந்தார்னு யாரும் சொன்னதில்லை. அவர் வாசிப்பு எனக்கு உடனே ஒட்டிக்கிச்சு. ரொம்ப நிதானம், அவசரமே இல்லை, நாதம் அப்படி ஒரு சுத்தம்.

இதுல பெண்கள் யாரும் வாசிச்சதில்லையாங்க?

நெல்லைச்சீமை:

ஏன் இல்லாம? மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அம்மா. பொம்பளைக நாதஸ்வரத்தத் தொடுறதே அபூர்வமா இருந்த காலத்துல, தனியா மேளம் வச்சு, ஊர் ஊராப் போயி வாசிச்சவுக. மூச்சுக் கட்டு எப்படின்னு சந்தேகப்படுறவன் அவுக பதிவக் கேக்கணும்.

இப்ப வாசிக்கிறவுகள்ல காலிஷாபி மகபூப். வீட்டுக்காரர் ஷேக் மகபூப் சுபானியோட சேந்து வாசிப்பாவ. 2020ஆம் வருசத்துப் பத்மஸ்ரீய ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்தாவ. நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானா சாகிபோட சீடர்க.

வடவாறு:

சின்ன மௌலானா பேர் வந்ததால எழுதறேன். போன வருஷம் முழுக்க எனக்கு அவர்தான். ஆந்திராவுல கரவதியில பொறந்து, தஞ்சாவூர்ப் பாணி வேணும்னு தேடி வந்து, நாச்சியார்கோயில்ல கத்துக்கிட்டு, ஸ்ரீரங்கத்துலயே தங்கிட்டார். ரங்கநாதர் ஊர்ல ஒரு இஸ்லாமியர் வாழ்நாள் முழுக்க மங்கள இசை வாசிச்சு, பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். பேரன்கள் காசிமும் பாபுவும் இப்பவும் சேர்ந்து வாசிக்கறாங்க. 1998ல சங்கீத கலாநிதி கிடைச்சது, அடுத்த வருஷம் காலமாயிட்டார்.

அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது விரலடி. ஆலாபனையில வேகமா ஓடற இடத்துலயும் ஒரு சுரம்கூட தேயாது. ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டுட்டு அடுத்து இவரைக் கேட்டீங்கன்னா, எந்த இடத்துல அவரைப் பின்பத்தறார், எந்த இடத்துல தன் வழியில போறார்னு பிடிக்க முடியும். எனக்கு அதுதான் இப்போ பெரிய வேலையே. ஒரே ராகம், மூணு பேர்: இவங்க ரெண்டு பேரும் காருகுறிச்சியாரும். தோடி முடிச்சுட்டேன். அடுத்து கல்யாணி.

சுருதிசுத்தம்:

வடவாறு, கல்யாணிக்குப் போகும் முன் ஒன்று. ரக்தி என்று ஒன்று பெரிய மேளத்துக்கே, அதாவது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த இந்த மேளத்துக்கே, உரியது, இங்கே யாரும் அதைத் தொடவில்லை. பல்லவி (ஒரே வரியை எடுத்து விரிப்பது) போலவே இருக்கும், சாகித்யம் இருக்காது. ஏழு அட்சரத்தில் வாக்கியம் அமைத்து, அதையே விரித்துச் சுருக்கி, காலம் மாற்றி வாசிப்பார்கள். வாய்ப்பாட்டுக் கச்சேரியில் இதைக் கேட்கவே முடியாது. இன்று வாசிப்பவர்களும் மிகக் குறைவு. புறப்பாடு இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு ரக்திக்கு எங்கே இடம்? ஆலாபனை ரசிகர்களாகிய நீங்களும், கீர்த்தனைக்காரனாகிய நானும் சேர்ந்து கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

பாரிக்குழல்:

நூற்றுக்கு நூறு உண்மை. அப்பாவுக்குத் தெரிந்த ரக்திகளில் பாதிதான் அண்ணனுக்கு வந்தது. அண்ணனுடைய பையன் நன்றாகத் தவில் வாசிக்கிறான். ஆனால் அவனை அழைக்கிறவர்கள் யாரும் ரக்தி கேட்பதில்லை, வாசிக்க நேரமும் கொடுப்பதில்லை. கோயில் அறங்காவலர்களோ, விழா எடுப்பவர்களோ யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு நாள், ஒரு வீதியிலாவது, மேளத்தை அவசரப்படுத்தாமல் விடுங்கள். வாணவேடிக்கை பத்து நிமிஷம் தள்ளி வெடிக்கட்டும்.

அளவெட்டியான்:

இதை எங்கட கோயில் நிர்வாகத்துக்கும் அனுப்புறன். இஞ்சை ஊரிலை இருந்து கூட்டத்தைக் கூப்பிட்டு, ஆயிரக்கணக்கிலை டொலர் குடுத்து, பிறகு "கெதியா முடியுங்கோ, மண்டபத்தைப் பூட்டவேணும்" எண்டு சொல்லுவினம். எனக்கு அதைக் கேக்க வயிறு எரியும்.

கீதா கோவை:

எனக்கு இன்னொரு உதவி வேணுங்க. பையனைத் தூங்க வைக்கறப்போ போடற மாதிரி ஏதாவது இருக்கா? நாதஸ்வரத்துல அப்படி மெதுவா கேக்க முடியுங்களா?

பாரிக்குழல்:

நீலாம்பரி ராகம். கோயிலில் பள்ளியறைக்குச் சாமி எழுந்தருளும்போது வாசிப்பது அதைத்தான். தவில் அப்போது மிக அடக்கமாகப் போகும், சில இடங்களில் இல்லாமலே போகும். காலையில் எழுப்புவதற்குப் பூபாளம், பௌளி, மலயமாருதம் என்று தனியாக இருக்கிறது. ஸ்பீக்கர் அடுத்த அறையில், சத்தம் குறைவாக. மறக்க வேண்டாம்.

நெல்லைச்சீமை:

காருகுறிச்சியார் நீலாம்பரி கிடைச்சா அதையே போடுங்க தாயி.

வடவாறு தம்பி, கல்யாணிக்கு முன்னால கரகரப்பிரியாவ மூணு பேருகிட்டயும் கேட்டுட்டு வாங்க. நான் சொன்ன குழைவு எங்க வருதுன்னு நிசாதத்துக்கும் தைவதத்துக்கும் நடுவுல பாருங்க.

வடவாறு:

சரி அண்ணாச்சி, கரகரப்பிரியாதான் அடுத்தது. ராஜரத்தினம் பிள்ளை பதிவு ஒண்ணு இருக்கு. சின்ன மௌலானாவுது தேடணும். யார்கிட்டயாவது அரை மணி நேரத்துக்கு மேல உள்ள ஆலாபனை இருந்தா எங்க கிடைக்கும்னு சொல்லுங்க. துண்டு துண்டா வெட்டி ஏத்தினது வேண்டாம், தவில் தனியோட முழுசா இருக்கணும். இரவுப்பாட்டு, நீங்க அந்தப் படத்தைக் கண்ணை மூடிக் கேட்டுட்டு என்ன ராகம்லாம் வருதுன்னு எழுதுங்க, சுருதிசுத்தம் ஐயா சரிபார்த்துச் சொல்வார்.